தணிக்கை கற்றல்: பட்டறையிலிருந்து பாடத்துக்கு

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். இந்த வட்டாரத்துக்கு இரண்டு பிழைப்புகள். ஒன்று பட்டுத்தறி. மற்றொன்று, அதே நெடுஞ்சாலையில் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, அங்கிருந்து விலகி ஒரகடம் என்று விரிந்து கிடக்கும் வாகன ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும். தகப்பன் தறிக்குழியில் உட்கார்ந்திருக்க, பிள்ளை விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் வீடுகள் இங்கே நிறைய.

அப்படி பஸ் ஏறிய பிள்ளைகளில் கொஞ்சம் துடிப்பானவர்களைக் கம்பெனி சில வருஷங்களில் ‘இன்டர்னல் ஆடிட்டர்’ ஆக்கிவிடுகிறது. இரண்டு நாள் வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு, கையில் ஒரு சான்றிதழ். அடுத்த மாதமே செக்லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பிரிவுக்குப் போய் நிற்கிறார்கள். இன்னும் சில வருஷம் போனால், கம்பெனிக்குப் பொருள் கொடுக்கும் சப்ளையரிடமும் இவர்களே ஆடிட்டுக்குப் போகிறார்கள். தரமேலாண்மைத் தணிக்கை என்ற இந்த வேலையை நம் ஊரில் எப்படிக் கற்றுத் தருகிறோம், எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்பதை மொத்தமாகப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதியை முதலிலும் வேலையைக் கடைசியிலும் வைத்துக் கற்றுத் தருகிறோம். அந்த வரிசை தலைகீழானது.

விதிகளின் வரலாறு நீளமானதல்ல. பிரிட்டன் 1979இல் பி.எஸ். 5750 என்ற தர அமைப்புத் தரநிலையை வெளியிட்டது. அதன் வழியில் 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசை வந்தது. 1994, 2000, 2008, 2015 என்று அது திருத்தப்பட்டது. இந்தியாவில் அந்தச் சான்றிதழை முதலில் பெற்ற நிறுவனம் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், ஆண்டு 1990. அதே குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் எதற்கும் அதுவரை அந்தப் பரிசு கிடைத்ததில்லை. ஆக, தரத்தணிக்கை தமிழ்நாட்டுக்குப் புதிய சரக்கல்ல. ஒரு தலைமுறைக்கு மேலாக இங்கே புழங்குகிறது.

தணிக்கையில் மூன்று வகை. ஒரு நிறுவனம் தன்னைத் தானே சோதிப்பது முதல் வகை. வாங்குபவர் தனக்கு விற்பவரைச் சோதிப்பது இரண்டாவது. இருவரோடும் தொடர்பில்லாத சான்றளிப்பு நிறுவனம் வந்து சோதிப்பது மூன்றாவது. ஐ.எஸ்.ஓ. 9001இன் 9.2ஆம் பிரிவு முதல் வகையைக் கட்டாயமாக்குகிறது. 8.4ஆம் பிரிவு, வெளியிலிருந்து வாங்கும் பொருளையும் வேலையையும் கட்டுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்கு ஆடிட்டுக்குப் போவதா, வந்த சரக்கைச் சோதிப்பதா என்பதை வாங்குபவரே தீர்மானித்துக்கொள்ளலாம். வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 இன்னும் கறாரானது. தயாரிப்பு முறையைத் தணிக்கை செய்பவருக்கு அந்த வேலையின் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. எல்லா ஷிஃப்டிலும் தணிக்கை நடக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் மாதிரியாகப் பார்க்க வேண்டும் என்கிறது. இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் லைனில் போய் நின்றவருக்கு இந்த விதியின் அருமை தெரியும். அரைகுறையாக நின்ற வேலை, தனியே எடுத்து வைத்த சந்தேகச் சரக்கு, மாற்றிய டூல், இவற்றைப் பற்றிய தகவல் கைமாறும்போதுதான் தொலைகிறது.

எப்படித் தணிக்கை செய்வது என்பதற்கு வழிகாட்டி ஐ.எஸ்.ஓ. 19011. அதன் 2018 பதிப்பு ஏழு நெறிகளைச் சொல்கிறது: நேர்மை, உள்ளதை உள்ளபடி சொல்லுதல், தொழில் கவனம், ரகசியம் காத்தல், சார்பின்மை, சான்றின் அடிப்படையில் முடிவெடுத்தல், இடர் எங்கே அதிகமோ அங்கே கவனம் செலுத்துதல். வகுப்புகளில் இவற்றை ஒரே சிலைடில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சார்பின்மை ஒன்றுக்கே அரைநாள் வேண்டும். ‘தணிக்கையாளர் தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது’ என்று ஐ.எஸ்.ஓ. 9001இன் பழைய பதிப்புகளில் வெளிப்படையாக ஒரு வரி இருந்தது. 2015இல் அந்த வரி போய், நடுநிலையை உறுதி செய்யும்படி ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் நின்றது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் யார் யாரைத் தணிக்கை செய்வது என்ற நடைமுறைச் சிக்கலுக்கு இது கொஞ்சம் இடம் கொடுத்தது. கூடவே தட்டிக்கழிக்கவும் இடம் கொடுத்தது.

இந்தச் சிக்கலை நம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை அவை சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. மூன்றாண்டு இடைவெளி இல்லாமல் ஒருவர் திரும்ப வர முடியாது. பொன்னைப் பார்க்கத் தனியாகவே ஒரு வாரியம் இருந்தது. உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்தத் தெளிவு இன்றைய பல ஆலைகளின் ஆடிட் திட்டத்தில் இல்லை. அங்கே ஆடிட்டரும் ஆடிட் செய்யப்படும் சூப்பர்வைசரும் ஒரே மேலாளரின் கீழ் இருப்பார்கள். கண்டுபிடித்ததை ‘என்.சி.’யாக, அதாவது விதிக்குப் பொருந்தாத குறையாக, எழுதுவதா வேண்டாமா என்பதை அந்த மேலாளர் தேநீர் நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்.

இனி, கற்றலின் மையத்துக்கு வருகிறேன். தணிக்கையில் கற்க வேண்டிய முதல் திறமை, பொருளின் பின்னால் போவது. பொருள் எங்கே உள்ளே வந்தது, எங்கெல்லாம் உருமாறியது, எங்கே வெளியேறியது என்று அதன் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடப்பது. இதைக் கற்கக் காஞ்சிபுரத்துப் பட்டைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கிலோ கச்சாப் பட்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டிழையின் மேல் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்தால் அந்தப் பசை கரையும். எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போய்விடும். ஒரு கிலோ கொடுத்தால் முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில்தான் திரும்பி வர வேண்டும். சாயம் ஏறும்போது கொஞ்சம் எடை கூடலாம். பிறகு பாவாகவும் ஊடையாகவும் பிரிந்து நெசவாளர் வீட்டுக்குப் போகிறது. கூடவே எடை போட்ட சரிகை. நெய்து முடித்த சேலை சங்கத்துக்கு வரும்போது மறுபடி தராசு. சேலையின் எடை, மீந்த நூல், கழிவு எல்லாம் சேர்ந்து கொடுத்த எடைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

புதிதாக வந்த பயிற்சித் தணிக்கையாளரிடம் இந்த ஒரு கணக்கை மட்டும் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் பின்தொடரச் சொன்னால் போதும். பசை நீக்கிய பட்டு ஒரு கிலோவுக்குத் தொள்ளாயிரம் கிராம் வந்திருந்தால் கேள்வி பிறக்கும். பசை முழுதும் போகவில்லையா? அப்படியென்றால் சாயம் சீராகப் பிடித்திருக்காது. எடை கூட்ட எதையாவது ஏற்றினார்களா? தராசு சரியா? ஈரம் காயும் முன்பே நிறுத்தார்களா? நான்கு கேள்விகளும் நான்கு இடங்களுக்கு இட்டுச் செல்லும். அந்த இடங்களில் எதைப் பதிவு செய்கிறார்கள், யார் பொறுப்பு, யார் கையெழுத்து என்று பார்க்கும்போது ஐ.எஸ்.ஓ.வின் பிரிவுகள் தாமாக வந்து பொருந்தும். அளவுக்கருவிக்கு ஒரு பிரிவு, வெளியாரிடம் கொடுத்த வேலைக்கு ஒரு பிரிவு, தடமறிதலுக்கு ஒரு பிரிவு. இப்படிப் படித்த பிரிவு மறக்காது.

இந்த எடைக்கணக்கின் வலிமையை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. பிரான்சில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் மார்பகத்துக்கான சிலிகான் உள்வைப்புகளைச் செய்து பல நாடுகளுக்கு விற்றது. அதன் தர அமைப்பை ஒரு ஜெர்மன் சான்றளிப்பு நிறுவனம் ஆண்டுதோறும் தணிக்கை செய்து வந்தது. 2010இல் பிரெஞ்சு அரசு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அனுமதி பெற்ற மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலை சிலிகான் கலந்திருந்தது தெரிந்தது. முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் தணிக்கையாளர்கள் வந்தார்கள். அந்த நாட்களில் காட்ட வேண்டியதை மட்டும் நிறுவனம் காட்டியது. எத்தனை கிலோ மருத்துவ ஜெல் வாங்கினார்கள், எத்தனை உள்வைப்பு விற்றார்கள் என்று கொள்முதல் சீட்டையும் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் போதுமே என்ற வாதம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. எல்லாச் சமயத்திலும் அப்படிப் பார்க்கப் பொதுக் கடமை இல்லை, ஆனால் சந்தேகத்துக்குச் சான்று தெரிந்தால் தேவையான எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு வந்த ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சட்டம், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. காகிதம் அத்தனையும் சரியாக இருந்த இடத்தில்தான் அந்த ஏமாற்று நடந்தது. தணிக்கை கற்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையை முதல் நாளே சொல்ல வேண்டும்.

இரண்டாவது திறமை கேட்பது. பட்டறையில் போய், “வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கா?” என்றால், “இருக்கு சார்” என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்தது. “அண்ணே, இந்த வேலைய எப்படிப் பண்றீங்க, ஒரு தடவ காட்டுங்களேன்” என்று நின்றால், அந்த மனிதர் செய்து காட்டுவார். காட்டும்போதே, “இது இப்படித்தான் எழுதியிருக்கு, ஆனா இந்த மோல்டுக்கு இன்னும் ரெண்டு செகண்டு விடணும் தம்பி, இல்லேன்னா ஒட்டிக்கும்” என்பார். அந்த இரண்டு செகண்டு எந்த ஆவணத்திலும் இருக்காது. அதை உடனே மீறல் என்று எழுதுபவர் அந்தப் பட்டறையில் இனி ஒரு உண்மையும் கேட்க மாட்டார். அந்த மாற்றத்தை யார் சோதித்தார்கள், பொறியியல் பிரிவுக்குத் தெரியுமா, அடுத்த ஷிஃப்ட்காரர் என்ன செய்கிறார் என்று தொடர்பவர்தான் நிறுவனத்துக்கு உதவுகிறார்.

மூத்தவரைக் கேள்வி கேட்பது நம் வளர்ப்பில் எளிதில் வருவதல்ல. இருபத்தைந்து வயதுப் பையன் முப்பது வருஷம் வேலை பார்த்த ஃபோர்மேனிடம், ‘நீங்கள் செய்வதற்குச் சான்று என்ன’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. திருப்புட்குழிக்கு இதில் ஒரு பழைய நினைவு உண்டு. யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் வேதாந்தம் பயின்ற ஊர் இது என்பது வைணவ மரபு. ஆசிரியர் சொன்ன பொருளுக்கு மாணவர் மாற்றுப் பொருள் சொன்னதையும், அதனால் மூண்ட மனக்கசப்பையும் குருபரம்பரைக் கதைகள் விரிவாகவே சொல்கின்றன. மரியாதை குறையாமல் மறுக்கும் மொழியை நாமாகப் பழகித்தான் பெற வேண்டும். பயிற்சி வகுப்புகளில் ஆளுக்கொரு வேடம் கொடுத்து நடத்திப் பார்க்கிறார்களே, அதை ஆங்கிலத்தில் நடத்துவதால் பயனில்லை. தளத்தில் பேசப்போகும் தமிழிலேயே நடத்த வேண்டும். “ஐயா, நீங்க சொன்னது புரிஞ்சுது. அந்த ரிப்போர்ட்ட நான் ஒரு தடவ பாக்கலாமா?” என்று அசராமல் கேட்கும் பழக்கம் வகுப்பிலேயே வாயில் வந்துவிட வேண்டும்.

மூன்றாவது, எழுதுவது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘கேலிபரேஷன் சரியில்லை’ என்று எழுதினால் அது கருத்து. ‘உள்வரவுச் சோதனையில் பயன்பாட்டில் இருந்த இன்ன எண் வெர்னியரின் கேலிபரேஷன் தவணை சென்ற மாதம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அதைக் கொண்டு இன்னின்ன லாட்டுகள் ஏற்கப்பட்டுள்ளன, ஆண்டுக்கொரு முறை கேலிபரேட் செய்ய வேண்டும் என்கிறது நிறுவனத்தின் நடைமுறை’ என்று எழுதினால் அது என்.சி. என்ன கேட்கப்பட்டது, என்ன காணப்பட்டது, சான்று எது என்ற மூன்றும் இருந்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது. தவணை தவறியதாலேயே கருவி பிழை என்றாகிவிடாது என்பதையும் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அதை உடனே சோதித்து, பிழை இருந்தால் அந்த லாட்டுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிழை இல்லையென்றால் தவணையை யார் மறந்தார்கள், ஏன் மறந்தார்கள் என்பதோடு நிற்கும்.

அதன் பிறகு வரும் ‘கரெக்டிவ் ஆக்‌ஷன்’ படிவத்தில் ‘ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. பாதிப் படிவங்களில் இந்த வரிதான் இருக்கும் என்று சொன்னால் தரப்பிரிவில் இருப்பவர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். தெரியாததால் நடந்த தவறுக்குப் பயிற்சி மருந்து. அவசரத்தால், கருவி பற்றாததால், இலக்கு நெருக்கியதால் நடந்ததற்கு அது மருந்தாகாது. அந்த வரியை ஏற்றுக்கொண்டு மூடிவிடும் தணிக்கையாளர் அடுத்த வருஷமும் அதே என்.சி.யை எழுதுவார்.

சப்ளையர் ஆடிட் வேறு குணம் கேட்கிறது. உள்தணிக்கையில் இருவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள். சப்ளையரிடம் போகும்போது கையில் ஆர்டர் இருக்கிறது. அந்த அதிகாரம் பேசாமலே பேசும். பட்டுச் சங்கத்தில் சேலையைப் பிரித்துப் பார்த்துத் தரம் போடுபவர் முன் நெசவாளர் நிற்பதிலும் இதே அதிகாரம்தான் இருக்கிறது. கரையும் உடலும் சேரும் கோர்வை சற்று விலகியதற்குக் கூலியில் எவ்வளவு பிடிப்பது என்பது அவர் வாயில் வரும் ஒரு சொல். பிடித்தத்துக்கு அஞ்சுபவர் குறையை மறைப்பார்; மறைத்த குறை கடைக்குப் போய், வாங்கியவர் வீட்டில்தான் வெளிவரும்.

சப்ளையர் நீட்டும் சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொள்வது இங்கே முக்கியப் பாடம். அதற்கும் பட்டே நல்ல எடுத்துக்காட்டு. 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்த சில்க் மார்க், துணி தூய பட்டு என்று உறுதி சொல்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்கிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, ஊரையும் முறையையும் பற்றியது. சில்க் மார்க் உள்ள சேலையில் சரிகையும் அசல்தான் என்று நம்பி வாங்குபவர் எத்தனையோ பேர். சரிகையைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்லவில்லை. அசல் சரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டிழை மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதை நம்பிக்கையாகக் கொடுக்கத்தான் காஞ்சிபுரத்தில் 1971இல் தமிழ்நாடு சரிகை ஆலையை அரசே தொடங்கியது. அதே போல, ஒரு முலாம் பட்டறை நீட்டும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழில் ‘எல்லை’ என்ற வரியை முதலில் பார்க்க வேண்டும். எந்த முகவரிக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் சான்றிதழிலேயே இருக்கும். அலுவலகத்துக்கு வாங்கிய சான்றிதழைப் பின்தெருவில் உள்ள பட்டறைக்குக் காட்டுபவர்களும் உண்டு.

எழுதப்படாத அறிவை என்ன செய்வது என்பதுதான் சப்ளையர் ஆடிட்டில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றும் கேள்வி. சாயப்பட்டறைக்குப் போகிறீர்கள். சாய மாஸ்டருக்கு அளவெல்லாம் மனசில். ஏட்டில் ஒன்றும் இல்லை. செக்லிஸ்ட்டின்படி இது குறை. ஆனால் 2015 தரநிலை, ஆவணம் தேவையான அளவுக்கு இருந்தால் போதும் என்கிறது. நிறுவனத்தின் அறிவைக் காப்பாற்றி வைக்கும்படி தனியே ஒரு பிரிவில் கேட்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மாஸ்டர் ஊரில் இல்லாத வாரம் யார் சாயம் போட்டார்? கடைசியாகப் போட்ட லாட்டுகளில் எத்தனை நிறம் மாறித் திரும்பி வந்தன? ஒவ்வொரு லாட்டிலும் ஒரு மாதிரி நூல் எடுத்து வைத்திருக்கிறீர்களா? கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நிறம் போகும் கோர்வைச் சேலையில், ஈரத்தில் ஒன்றின் நிறம் இன்னொன்றில் இறங்குகிறதா என்று நனைத்துப் பார்த்தீர்களா? இவற்றுக்கு நேரான பதில் இருந்தால் ஏடு இல்லாததை நான் பெரிதாக எழுத மாட்டேன். பதில் இல்லையென்றால், பளபளப்பான ஏடு இருந்தாலும் எழுதுவேன்.

சிறு சப்ளையரின் பக்கமும் பேச வேண்டும். நான்கு கம்பெனிக்குப் பாகம் செய்யும் பட்டறைக்கு நான்கு கம்பெனியும் நான்கு செக்லிஸ்ட்டோடு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். அந்த ஃபைலைத் தயாரிக்கவே ஒருவருக்குச் சம்பளம். இதற்கு மாறாக, தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடாவின் வழிகாட்டலில் இந்திய வாகன உதிரிபாக ஆலைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்தன. ஒருவர் ஆலைக்கு மற்றவர்கள் போய்ப் பார்த்துக் கற்கும் ‘கிளஸ்டர்’ முறை அது. அங்கே பார்க்க வந்தவரும் தன் ஆலையைத் திறந்து காட்ட வேண்டியவர். அந்தச் சமநிலைதான் அந்த முறையின் பலம். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே பயிற்சியின் வரிசையை இப்படி மாற்றலாம் என்பது என் யோசனை. முதல் இரண்டு நாள் வகுப்பறை வேண்டாம். ஒரு பொருளின் தடத்தைப் பிடித்து, உள்வரவுக் கதவிலிருந்து வெளியேறும் கதவு வரை ஒரு மூத்தவரோடு நடக்க வேண்டும். ஒரு நாள் இரவு ஷிஃப்டிலும். மூன்றாம் நாள், கண்டதையெல்லாம் எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பிரிவைத் தேட வேண்டும். நான்காம் நாள் பயிற்சி பெறுபவரின் சொந்தப் பிரிவையே வேறொருவர் தணிக்கை செய்ய, இவர் பதில் சொல்லும் பக்கம் உட்கார வேண்டும். சப்ளையர் ஆடிட்டுக்கு அனுப்பும் முன் சில தடவை துணைக்குப் போய் வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். பிறகு மூத்தவர் பக்கத்தில் இருக்க ஒரு பகுதியை மட்டும் நடத்த வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. நெசவாளர் சேவை மையம் இங்கே உண்டு. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் சரிகை ஆலையும் உண்டு. அரைமணி நேரத் தொலைவில் வாகன ஆலைகளின் தரப்பிரிவுகள் உண்டு. ஆலைக்காரர் ஒருவர் சங்கத்தின் எடைப்புத்தகத்தைப் பின்தொடரட்டும். சங்கத்தில் தரம் போடுபவர் ஒருவர் ஆலையின் உள்வரவுச் சோதனையில் ஒரு நாள் நிற்கட்டும். ஐ.எஸ்.ஓ. 19011 தமிழில் எளிய உரையோடு ஒரு சிறு புத்தகமாக அவர்கள் கையில் இருக்கட்டும். அதைத் தொகுக்கும் வேலையைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிடலாம்.